கல்லாவுக்குக் காவலாகக் கைத்துப்பாக்கி: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்



எங்காவது ஒரு மண்டிக்காரரையோ மளிகைக் கடைக்காரரையோ வழிமறித்துப் பணத்தைப் பறித்தார்கள் என்று செய்தி வந்துவிட்டால், அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து, "நாமும் ஒரு துப்பாக்கி லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்கிறார். கேட்பதில் தவறில்லை. கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டு வசூல் பையைப் பிடுங்கிச் செல்கிற காலத்தில் நாம் வியாபாரம் செய்கிறோம். நான் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன். நீண்ட காலமாக ரிவால்வர் லைசென்ஸ் வைத்திருப்பவன் என்ற முறையில், எந்தத் துப்பாக்கி வாங்கலாம், எப்படி இடுப்பில் வைத்துக்கொள்வது, அதில் என்னென்ன மாற்றம் செய்துகொள்ளலாம் என்று பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட நம் இதழிலேயே எழுதிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கைத்துப்பாக்கி உயிருக்குக் காவலே தவிர, பணப்பைக்குக் காவல் அல்ல. எந்தத் துப்பாக்கி, எந்த உறை, என்ன மாற்றம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் துப்பாக்கிக்கு அடிப்படைச் சட்டம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் கீழ் இப்போது நடைமுறையில் இருப்பவை 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள். 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்துக்கொள்ளலாம். முன்பு மூன்று வரை அனுமதி இருந்தது. லைசென்ஸின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிறைத் தண்டனை குறைந்தது இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு வரை போகலாம். "யாரோ வடக்கேயிருந்து மலிவாகக் கொண்டுவந்து தருகிறார்" என்று வரும் பேச்சுக்குக் காது கொடுக்கவே கூடாது. பில் இல்லாத சரக்குக்கு அபராதம் கட்டித் தப்பலாம். பில் இல்லாத துப்பாக்கிக்கு ஜெயில்தான்.

மாவட்டங்களில் கலெக்டரும், போலீஸ் கமிஷனர் உள்ள மாநகரங்களில் கமிஷனரும் லைசென்ஸ் வழங்கும் அதிகாரிகள். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று, வீட்டில் பூட்டி வைக்கத் தக்க இடம் இருக்கிறது என்ற உறுதிமொழி ஆகியவையும் வேண்டும். தொழிலின் தன்மையால் உயிருக்கும் உடைமைக்கும் உண்மையான பாதுகாப்புத் தேவை உள்ளவர்களின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கலாம் என்று விதிகளே கூறுகின்றன. எனவே வணிகர் என்ற முறையில் கேட்க நமக்கு இடம் உண்டு. ஆனால் "வியாபாரி" என்ற ஒரு சொல் மட்டும் போதாது. எந்த ஊர்களுக்கு வசூலுக்குப் போகிறோம், எந்த நேரத்தில் திரும்புகிறோம், இதற்கு முன் மிரட்டலோ வழிப்பறியோ நடந்து போலீசில் புகார் கொடுத்திருக்கிறோமா என்று விவரமாகக் காட்ட வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு.

லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால், கொள்முதலுக்காகக் குண்டூருக்கோ பெங்களூருக்கோ போகும்போது இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டக் கூடாது.

எந்தத் துப்பாக்கி?

நம் பிள்ளைகள் செல்போனில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு "கிளாக் 19 வாங்குங்கள், சிக் பி365 வாங்குங்கள்" என்கிறார்கள். அந்நாட்டில் பல மாநிலங்களில் சாதாரணக் குடிமகன் தினமும் துப்பாக்கியோடு நடமாடலாம். அதற்கென்றே சின்னச் சின்னப் பிஸ்டல்களும், விதவிதமான உறைகளும், மேலே பொருத்தும் விளக்குகளும் பெரிய வியாபாரமாக நடக்கின்றன. அந்தப் பிஸ்டல்கள் 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானவை. நம் நாட்டில் 9 மில்லிமீட்டர், .38, .45 போன்றவை "புரொஹிபிடெட் போர்", அதாவது தடை செய்யப்பட்ட ரகம். நம் போன்றவர்களுக்குக் கிடைக்கும் லைசென்ஸுக்கு அவை வராது. வெளிநாட்டிலிருந்து தனிநபர்கள் கைத்துப்பாக்கி இறக்குமதி செய்வதும் 1980-களின் நடுவிலிருந்தே ஏறக்குறைய நின்றுவிட்டது. அதனால்தான் ஒரு பழைய வெப்லி ரிவால்வரோ வால்தர் பிஸ்டலோ இரண்டாம் கையாக விற்பனைக்கு வந்தால் தலை சுற்றும் விலை சொல்கிறார்கள்.

நமக்கு நடைமுறையில் கிடைப்பது .32 ரகம். இதில் ரிவால்வரும் உண்டு, பிஸ்டலும் உண்டு. இரண்டுக்கும் .32 என்றே பெயர் இருந்தாலும் தோட்டா வேறு வேறு. ரிவால்வரின் தோட்டா நீளமானது. பிஸ்டலின் தோட்டா குட்டையானது. ஒன்றை மற்றொன்றில் போடக் கூடாது. வாங்கும்போது லைசென்ஸில் எழுதியிருப்பதையும், தோட்டா டப்பாவில் அச்சிட்டிருப்பதையும் ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றை நீண்ட காலம் அரசின் ஆர்டினன்ஸ் தொழிற்சாலைகள் செய்து வந்தன. 2021 அக்டோபர் 1 முதல் அவை ஏழு அரசுக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. சிறு ஆயுதங்கள் செய்யும் கம்பெனியின் தலைமையிடம் கான்பூர். நம் திருச்சித் தொழிற்சாலையும் அதைச் சேர்ந்ததுதான். கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர் பழைய வெப்லி அமைப்பில், நடுவில் மடித்துத் திறப்பது. எடை சுமார் 700 கிராம். ஆறு தோட்டா கொள்ளும். 2014-இல் பெண்களுக்கென்று "நிர்பீக்" என்ற இலேசான ரிவால்வர் வந்தது. எடை சுமார் அரைக் கிலோ. அறிமுகமானபோதே அதன் விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். 2023-இல் "பிரபல்" என்ற ரிவால்வர் வந்தது. மூன்று அங்குலக் குழல். உருளை பக்கவாட்டில் திறக்கும். பிஸ்டலில் இஷாப்பூர்த் தொழிற்சாலையின் "அஷானி" பலருக்குத் தெரிந்த பெயர். விலையை விசாரிக்கும்போது வரியையும் சேர்த்துக் கேளுங்கள். ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம்.

ரிவால்வரா, பிஸ்டலா என்றால், தினமும் துப்பாக்கியோடு பழகாத வணிகருக்கு என் சிபாரிசு ரிவால்வர்தான். காரணம் எளிது. திறந்து பார்த்தால் எத்தனை தோட்டா இருக்கிறது, எது காலி என்று கண்ணுக்குத் தெரியும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிய பிறகும் குழலின் பின்னறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். "மேகசினைக் கழற்றிவிட்டேன், காலிதான்" என்று நினைத்து விசையை அழுத்தி உயிர் போன கதைகள் உலகெங்கும் உண்டு. பிஸ்டலின் சிறப்பு அதன் தட்டையான உருவம். சட்டைக்குள் புடைத்துத் தெரியாது. ஒழுங்காகப் பயிற்சி எடுத்துக்கொள்ளவும், ஒவ்வொரு முறையும் பின்னறையைத் திறந்து பார்க்கவும் பொறுமை உள்ளவர் பிஸ்டல் வாங்கலாம்.

அளவைப் பொறுத்தவரை, சின்னதாக இருந்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். மிகச் சின்னதாக இருந்தால் பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும், சுடும்போது கை உதறும், குறி தப்பும். உங்கள் உள்ளங்கையில் பிடி நிறைந்து, குறைந்தது மூன்று விரல் சுற்றி நிற்க வேண்டும். விசைக்கு ஆட்காட்டி விரலின் நுனிப் பகுதி எட்ட வேண்டும். செருப்பு வாங்குவது போலத்தான். பக்கத்துக் கடைக்காரருக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை. டீலர் கடையில் காலித் துப்பாக்கியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

உறைதான் பாதித் துப்பாக்கி

ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்துத் துப்பாக்கி வாங்குகிறவர், உறைக்கு ஆயிரம் ரூபாய் செலவழிக்கத் தயங்குகிறார். சிலர் வேட்டி மடிப்பில் செருகிக்கொள்கிறார்கள். சிலர் கால்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு போட்டுக்கொள்கிறார்கள். இது ஆபத்து மட்டுமல்ல, சட்ட விரோதமும் ஆகும்.

2016 விதிகளில் 32-ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுசெல்வதானால், அதற்கென்று அமைந்த உறையில் உடலோடு சேர்த்து இருக்க வேண்டும். அல்லது முதுகுப் பை போன்ற ஒன்றுக்குள் இருக்க வேண்டும். முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டுவதும், பொது இடத்தில் சுடுவதும் கூடாது. மீறினால் லைசென்ஸே ரத்தாகும். எனவே, பிடி வெளியே தெரியும்படி சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு கடைவீதியில் நடப்பது கௌரவம் அல்ல. லைசென்ஸுக்கு நாமே வைக்கும் கொள்ளி.

விதியில் பைக்கு இடம் இருந்தாலும், வணிகர்கள் பையில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். வழிப்பறிக்காரன் முதலில் பிடுங்குவதே பையைத்தான். பணமும் துப்பாக்கியும் ஒரே பையில் இருந்தால், பணத்தோடு ஆயுதத்தையும் நாமே அவனுக்குக் கொடுத்தது போலாகும். பிறகு அந்தத் துப்பாக்கி எங்கே போனது, யாரைச் சுட்டது என்று நாம்தான் போலீஸ் நிலையத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். துப்பாக்கி உடம்போடு இருக்கட்டும். பணம் வேறு இடத்தில் இருக்கட்டும்.

நல்ல உறையை எப்படிப் பார்த்து வாங்குவது? ஐந்து சோதனைகள் சொல்கிறேன்.

ஒன்று: விசையும் அதைச் சுற்றியுள்ள வளையமும் உறைக்குள் முழுவதும் மறைய வேண்டும். வெளியிலிருந்து விரலோ, சட்டை நுனியோ, சாவியோ விசையைத் தொட வழி இருக்கக் கூடாது. தற்செயலாக வெடிக்கும் விபத்துகளில் பல, துப்பாக்கியை உறையில் செருகும்போதுதான் நேர்கின்றன.

இரண்டு: காலித் துப்பாக்கியை உறையில் வைத்துத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறிப் பாருங்கள். விழக் கூடாது. மேலே பட்டன் வைத்த வார் இருந்தால், ஸ்கூட்டரில் மேடு பள்ளத்தில் போகிறவர்களுக்கு நல்லது.

மூன்று: துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். தொளதொளவென்று சுருங்கும் துணி உறையில் திரும்பச் செருக இரண்டு கை வேண்டும்; குழல் நம் இடது உள்ளங்கையைப் பார்க்கும்.

நான்கு: பெல்ட்டும் உறையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். நம்மில் பலர் வேட்டி கட்டுகிறவர்கள். வேட்டிக்கு மேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட், சில்லறையும் சாவியும் வைக்க வசதி; முக்கால் கிலோ இரும்பைத் தாங்க அது போதாது. துப்பாக்கிப் பக்கம் இறங்கி, நடக்க நடக்க உறை முன்னால் சாயும். கெட்டியான தோலில் ஒன்றரை அங்குல பெல்ட் தனியாக வைத்துக்கொண்டு, உறையின் பட்டைத் துளை அதில் இறுக்கமாக உட்காரும்படி பார்க்க வேண்டும்.

ஐந்து: உட்கார்ந்து பாருங்கள். நம் தொழிலில் நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். வயிற்றுப் பக்கம் வைத்தால் குனியும்போதெல்லாம் குத்தும். குழல் தொடையைப் பார்க்கும். நடு முதுகில் வைத்தால் நாற்காலியில் இடிக்கும். விழுந்தால் முதுகெலும்புக்கு ஆபத்து. வலது கைக்காரருக்கு வலது இடுப்பெலும்பை ஒட்டிச் சற்றுப் பின்னால் வைப்பதுதான் பொதுவாக ஒத்துவருகிறது. அரைக்கைச் சட்டையையோ ஜிப்பாவையோ வெளியே விட்டால் முழுதும் மூடிவிடும்.

தோல் உறையே நம் ஆட்களுக்குப் பழக்கமானது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பெயர் போன ஊர்கள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. நல்ல தோல் கிடைப்பது கடினமில்லை. அந்தந்த மாடலுக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்க வேண்டும். "எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்" என்று விற்பது எதற்கும் சரியாகப் பொருந்தாது. கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறைகளும் உண்டு. அவை வியர்வையை உறிஞ்சாது, உருவம் மாறாது, ஆனால் உடம்பில் உரசும்.

நம் ஊர் வெயிலில் வியர்வை பெரிய சங்கதி. வியர்வையில் உள்ள உப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். இரவில் துப்பாக்கியைத் தோல் உறையிலேயே விட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறும். உறையைக் காற்றில் ஆற வைத்து, துப்பாக்கியை உலர்ந்த துணியால் துடைத்து, லேசாகத் துப்பாக்கி எண்ணெய் தடவித் தனியாகப் பூட்ட வேண்டும். கடையில் இருக்கும் தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது. நாளானால் பிசுக்கு ஏறும்.

என்ன மாற்றம் செய்யலாம்? எதைத் தொடவே கூடாது?

நம் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டைக் கழுவலாம், மேசையில் வசதியாக வைக்கலாம். முத்திரை வைத்த இடத்தில் கை வைக்க முடியுமா? துப்பாக்கியும் அப்படித்தான்.

செய்யத்தக்க மாற்றங்கள் சில உண்டு. பிடியின் இரு பக்கத் தகடுகளை உங்கள் கைக்கு ஏற்ற மரத்திலோ ரப்பரிலோ மாற்றிக்கொள்ளலாம். வியர்த்த கையில் வழுக்காமல் இருக்க ரப்பர் நல்லது. குழலின் நுனியில் உள்ள குறிமுனையில் வெள்ளை அல்லது ஆரஞ்சு வண்ணப் பொட்டு வைத்தால், வெளிச்சம் குறைந்த இடத்திலும், நம் வயதுக் கண்ணுக்கும் தெரியும். துரு ஏறாமல் மேல்பூச்சுப் புதுப்பிக்கலாம். ஆனால் துப்பாக்கியில் பொறித்த எண் மங்கக் கூடாது. இவற்றையும் லைசென்ஸ் பெற்ற டீலரிடம், உங்கள் லைசென்ஸைக் காட்டிச் செய்துகொள்ள வேண்டும். துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் தேவை என்று சட்டம் சொல்கிறது. தெருமுனை லேத் பட்டறையில் கொடுத்தால் கொடுத்தவரும் குற்றவாளி, செய்தவரும் குற்றவாளி.

தொடவே கூடாதவை: குழலை வெட்டிக் குட்டையாக்குவது, வேறு ரகத் தோட்டா போகும்படி மாற்றுவது, எண்ணை அழிப்பது, சத்தம் குறைக்கும் குழாய் மாட்டுவது. சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கும் துணைக்கருவியே சட்டத்தின் பார்வையில் ஒரு துப்பாக்கிதான். உதிரிப் பாகங்களும் அப்படியே. ஆகவே யாரோ தருகிறார் என்று ஒரு பாகத்தை வாங்கிப் பெட்டியில் போட்டு வைப்பதும் குற்றம்.

இன்னொன்று, விசையை "இலேசாக்கித் தருகிறேன்" என்பார்கள். போட்டிகளில் சுடுகிறவர்களுக்கு அது உதவலாம். நமக்கு வேண்டாம். பயத்தில் கை நடுங்கும்போது விசை கனமாக இருப்பதுதான் நமக்கும் எதிரில் நிற்பவருக்கும் கூட்டத்தில் நிற்கும் வாடிக்கையாளருக்கும் பாதுகாப்பு.

எப்போது எடுக்கலாம்?

தற்காப்பு உரிமை முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதைப் பற்றியவை. சாரம் இது: போலீசை அழைக்க நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை, தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. உயிர் போகும் அளவுக்குத் தாக்க, உயிருக்கோ பெருங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருக்க வேண்டும். உடைமையைப் பொறுத்தவரை, வழிப்பறி, இரவில் பூட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் அல்லது சரக்கு வைக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல் போன்றவற்றுக்கு மட்டும் அந்த எல்லை வரை இடம் உண்டு. வெறும் திருட்டுக்கு இல்லை. கல்லாவில் கை விட்டுவிட்டு ஓடுகிற பையனைப் பின்னாலிருந்து சுட்டால், அது தற்காப்பு ஆகாது, கொலை வழக்கு. அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமையும் நீடிக்கும். தற்காப்புக்காகத்தான் சுட்டோம் என்று காட்ட வேண்டிய பொறுப்பும் சுட்டவர் தலையில்தான் விழும்.

சட்டம் ஒருபுறம் இருக்க, நேரக் கணக்கையும் பாருங்கள். 1983-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரப் போலீஸ் பயிற்றுநர் டென்னிஸ் டூலர் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடிவருபவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான். பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கே உறையிலிருந்து எடுத்துச் சுட அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அதில் காட்டினார். நம் கடைகளில் கல்லாவுக்கும் வாசலுக்கும் 21 அடி இருக்கிறதா? வழிப்பறிக்காரன் கை நீட்டும் தூரத்தில்தான் வருகிறான். மிளகாய்ப் பொடி கண்ணில் விழுந்த பிறகு துப்பாக்கி எதற்கு உதவும்? ஆகவே கத்தியைக் காட்டிப் பணம் கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பணத்தை வாங்கிய பிறகும் உயிருக்குக் குறி வைத்தால்தான் துப்பாக்கிக்கு வேலை.

அந்த ஒரு தருணத்துக்கும் பயிற்சி வேண்டும். ரைபிள் கிளப்பில் சேர்ந்து, ஆண்டுக்குச் சில முறையாவது சுட்டுப் பழக வேண்டும். வாங்கிப் பத்து வருடம் பீரோவில் வைத்த துப்பாக்கியை நெருக்கடியில் நம்ப முடியாது. தோட்டா வாங்கும் அளவு லைசென்ஸில் எழுதப்பட்டிருக்கும். சுட்டதற்கும் இருப்புக்கும், நம் ஸ்டாக் புத்தகம் போலவே, கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் கடையிலும்

லைசென்ஸ் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. "தம்பி, இதை எடுத்துக்கொண்டு பேங்க் வரை போய் வா" என்று கணக்குப்பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது. அவரை ரீட்டெய்னராக லைசென்ஸில் பதிவு செய்திருந்தால் மட்டுமே அது செல்லும். மகனானாலும் மருமகனானாலும் இதே விதிதான்.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். தலையணைக்கு அடியிலும், கல்லா இழுப்பறையிலும், சாமி அலமாரியிலும் துப்பாக்கி இருக்கவே கூடாது. இரும்புப் பெட்டியில் துப்பாக்கி ஒரு பூட்டிலும், தோட்டா வேறு பூட்டிலும் இருக்கட்டும். சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும். குடும்பத்தில் யாருக்காவது மனம் உடைந்திருக்கும் நேரம், கடன் நெருக்கடி, குடிப்பழக்கம் என்று இருந்தால், அந்தக் காலம் கடக்கும் வரை துப்பாக்கி வீட்டில் இருக்க வேண்டாம்; போலீஸ் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தேர்தல் அறிவித்தவுடன் துப்பாக்கிகளைப் போலீசில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தகவல் வந்தால் தாமதிக்காமல் கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்தி, முடிந்ததும் திரும்பப் பெறுங்கள். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுவது நல்லது. மூத்த வணிகர்களுக்கு ஒரு தகவல்: 70 வயது நிறைந்தவரோ, 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவரோ, உயிரோடு இருக்கும்போதே தம் சட்டப்பூர்வ வாரிசின் பெயரில் லைசென்ஸ் வழங்கக் கோர 2016 விதிகளில் வழி உண்டு. வாரிசுக்கு வேண்டாமென்றால், விற்றோ ஒப்படைத்தோ கணக்கை முடித்துவிடுங்கள். நமக்குப் பின் பெட்டியில் கிடக்கும் துப்பாக்கி, விவரம் தெரியாத வீட்டுப் பெண்மணிகளை வழக்கில் இழுத்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியது

லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன், ரொக்கத்தைக் குறையுங்கள். ஒரே நபரிடம் ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. லைன் வசூலை இயன்ற வரை யு.பி.ஐ.-க்கும் செக்குக்கும் மாற்றுங்கள். மிச்ச ரொக்கத்தைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில், ஒரே ஆள் கொண்டுபோகக் கூடாது. வழியில் பறிபோகும் பணத்துக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. உங்கள் கடைப் பாலிசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். பணத்துக்குக் காவல் இவைதான்.

இத்தனைக்கும் பிறகு உண்மையான உயிர் அச்சம் உள்ளவர்கள் லைசென்ஸுக்குப் போங்கள். எளிமையான துப்பாக்கி, அதற்கென்றே தைத்த உறை, கை வைக்காத உள்ளமைப்பு, இரண்டு பூட்டு, தவறாத பயிற்சி: இவ்வளவுதான் சூத்திரம். இவற்றில் ஒன்றுக்குக்கூட நேரமோ பொறுமையோ இல்லை என்றால், அந்தப் பணத்தில் கடைக்கு நல்ல ஷட்டரும் கேமராவும் போடுங்கள். பறிபோன வசூலை ஒரு சீசனில் ஈட்டிவிடலாம். நம்மை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும், நம் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியது, இரவு கடையைப் பூட்டிவிட்டு நாம் பத்திரமாக வீடு திரும்புவதுதான்.